குழியைத் தாண்டிய பந்து

பாறசாலை
ஜூன் 16, 2024

அண்டசராசரம் கிடுகிடுக்க ஹாக்கி ஆடும் என் ஒரே மருமகள் செல்வி பின்சி அவர்களுக்கு, மார்னிங் ஸ்டார் மகளிர் ஹாக்கி கிளப்பின் நிரந்தரத் தலைவர், செயலாளர், தண்ணீர் சுமப்பவர், முள்ளுக்குள் பந்து தேடுபவர் ஆகிய சகல பதவிகளையும் ஒற்றைத் தோளில் தாங்கும் எலியா மாமா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும், என் தங்கச்சியாகிய உன் அம்மை புஷ்பபாயும், கோழிகளும் சுகம். பாபிலோன் சிறையிருப்பில் உன் சுகம் எப்படி? போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுகிற ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலை நான் பாபிலோன் என்றுதான் சொல்லுவேன். ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் கிடைக்கிற பத்து நிமிஷத்தையும் உன் அம்மை ஒருத்தியே விழுங்கிவிடுகிறாள். பக்கத்தில் நின்று கையை நீட்டி நீட்டி என் வலது கை ஒரு சாண் நீண்டுவிட்டது. ஆகவே தபால். தபால்காரி விமலகுமாரி பாதி எழுதின இந்தத் தாளை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள். “மனுசன் மனுசனுக்கு எழுதின கடிதமா அண்ணா? கோர்ட்டு நோட்டீசாக்கும்னு பேடிச்சுப் போனேன்” என்றாள்.

இனி யுத்தகாண்டம். நீ போன மறுவாரமே தனுவச்சபுரத்துப் பிள்ளைகளோடு மோதினோம். மோதினோம் என்பது கொஞ்சம் கூடுதல். அவர்கள் ஓடினார்கள், நாங்கள் பார்த்தோம். ஸ்கோரை எழுதினால் இந்தப் பேனா விக்கி விக்கி அழும். ஒன்று இரண்டு கோல் வித்தியாசம் என்று வைத்துக்கொள். தோல்விக்கு ஒரே காரணம், அன்று மழை இல்லை.

மழைக்கும் நமக்கும் உள்ள உடன்படிக்கை உனக்குத் தெரியாததா? வானம் தெளிந்தால் ஊர் முழுக்க ரப்பர் வெட்டு. பிள்ளைகள் ஒக்க, ஒருத்தி விடாமல், விடியும் முன்னே பால் எடுக்கப் போய்விடும். மழை கொட்டினால் வெட்டு கிடையாது, பயிற்சி உண்டு. உலகத்திலேயே மழையில் மட்டும் ஹாக்கி படித்த அணி நம்முடையது. அதுவும் எந்த மைதானத்தில்! பழைய ரப்பர் மரங்களை ஜேசிபியால் வேரோடு பிழுது போட்டுவிட்டு, மறுகன்று நடாமல் வெளிநாடு போனவர்களின் விளை. அவர்கள் கன்று நடவில்லை, நாம் கோல் போஸ்ட் நட்டோம். மைதானத்தின் நட்டநடுவில் ஜேசிபி விட்டுப்போன குழி, தென்னைமர உயரத்துக்கு ஆழம், மழைக்காலத்தில் கப்பல் ஓடும். அந்தச் சமுத்திரத்துக்கு மேலே ஸ்டிக்கால் பந்தைப் பொக்கி, ஆகாசத்தில் தூக்கி, அக்கரைக்கு அனுப்ப இந்தப் பூமியில் ஒருத்தியால்தான் முடிந்தது. அவள் பெயரை அடக்கம் கருதி எழுதவில்லை. அவளுடைய மாமன் பெயர் எலியா.

கர்த்தர் உன் வலது கையைப் பிடித்திருப்பாராக.

இப்படிக்கு,
அகில நெய்யாற்றின்கரைத் தாலுகா ஹாக்கிச் சக்கரவர்த்தி
எலியா மாமா


ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்
ஜூன் 28

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் படித்த தமிழ்தான், பிழை இருந்தால் சிரிக்க வேண்டாம்.

முதலில் திருத்தங்கள். தனுவச்சபுரத்தோடு ஒன்று இரண்டு வித்தியாசம் இல்லை, ஒன்பதுக்கு சைபர் என்று அம்மா போனில் சொன்னாள். குழி தென்னை உயரம் இல்லை, என் முழங்கால் அளவு. கப்பல் ஓடவில்லை, ஒருநாள் நீங்கள்தான் சாயா கிளாசோடு அதில் விழுந்தீர்கள்.

இங்கே என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் லிஜா. இடுக்கிக்காரி. உங்கள் கடிதத்தை நான் மலையாளத்தில் சொல்லச் சொல்ல அவள் சிரித்துக் கட்டிலில் இருந்து கீழே விழுந்துவிட்டாள். இது நான் கூட்டிச் சொல்வது இல்லை, உண்மையாகவே விழுந்தாள். உன் மாமாவை ஒரு நாளைக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்பு, எங்கள் அம்மை சிரித்துப் பல வருஷமாகிறது என்கிறாள். அடுத்த கடிதம் எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள்.

விளையாட்டு கஷ்டமாக இருக்கிறது. இங்கே டர்ஃப், செயற்கைப் புல் தரை. பந்து ஓடுகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஆள் பக்கத்தில் இருக்கும்போது பந்தைத் தூக்கக் கூடாது என்று கோச் சார் தினமும் சொல்கிறார். எனக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. லிஜா பின்னால் ஓடிவந்து “தாழே, தாழே” என்று கத்துவாள். பந்து தரையோடு போகும்வரை விடமாட்டாள். அவள் கத்திக் கத்தி என் கை இப்போது கொஞ்சம் கேட்கிறது.

அம்மாவைக் கால் வலிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அன்பு மருமகள்
பின்சி


பாறசாலை
ஜூலை 9

சத்தியத்தின் சுத்தியலும் என் ஆனைகளைப் பூனையாக்கும் அரம்பமுமான மருமகளுக்கு,

எலியா மாமா ஈரத்தோடு எழுதுவது. நாங்கள் சுகம். உன் அம்மையின் கால் வலி ஆஸ்பத்திரிப் பேரைக் கேட்டதுமே பயந்து ஓடிவிட்டது. உன் சுகமும் லிஜாவின் சுகமும் அறிய ஆவல். அவள் அம்மையிடம் சொல், எலியா வருவான், அன்றைக்கு இடுக்கியில் சிரிப்பால் நிலச்சரிவு வரும்.

மழை, மக்கா, மழை! என் பேருள்ள தீர்க்கதரிசி மழையை நிறுத்தியும் பெய்வித்தும் காட்டினார். நான் பெய்வித்தேன், நிறுத்தத்தான் தெரியவில்லை. அந்த மழையில் அதியன்னூர்க்காரிகள் ஆட வந்தார்கள். வெள்ளைக் காலுறை போட்டு வந்தவர்கள் சாக்லேட்டில் முக்கி எடுத்த பிஸ்கட் மாதிரி திரும்பிப் போனார்கள். சமன்! நம் சரித்திரத்தில் முதல் சமன்! கடைசி நிமிஷத்தில் அவர்கள் அடித்த பந்தைக் குழித் தண்ணீரில் இருந்து ஒரு வரால் மீன் துள்ளி, தலையால் முட்டித் திருப்பிவிட்டது. மீனுக்கு ஆட்ட நாயகி விருது கொடுத்து, பிறகு குழம்பு வைத்தோம்.

இன்னொரு சேதி. ஆட்டோக்காரர் கிருஷ்ணன்குட்டியின் மகள் ஆதிரா ஞாபகம் இருக்கிறதா? ஸ்டிக்கைவிடக் குட்டை. நீ போனதில் இருந்து குழிக்கரையில் நின்று பந்தைத் தோண்டிக்கொண்டே இருந்தாள். போன வாரம் பந்து எழும்பியது! அக்கரை சேரவில்லை, நடுச்சமுத்திரத்தில் முங்கிவிட்டது. ஆனாலும் எழும்பியது. “இது பின்சி அக்காவுக்க பொக்கு மாமா” என்று சொல்லிவிட்டு, பந்தை எடுக்கச் சேற்றில் இறங்கியவள் மூக்கு மட்டும் வெளியே தெரிய வந்தாள்.

இனி உனக்கு ஒரு ராஜ உத்தரவு. டர்ஃபாவது கிர்ஃபாவது. ஹாஸ்டல்காரர்களை உன்னைத் தேடி வரவைத்தது அந்தப் பொக்கு. அதைத் தரையில் போட்டு உருட்டச் சொல்கிறார்களா? சார் சொல்வதைக் காது கேட்கட்டும், கை மாமன் சொல்வதைக் கேட்கட்டும். தண்ணியைக் கண்டால் யோசிக்காதே, பொக்கு! அங்கேயும் மழை உண்டல்லவா?

கர்த்தர் உனக்கு மேலே மேகமாக நிற்பாராக.

மழையின் மொத்த வியாபாரி
எலியா மாமா


ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்
ஜூலை 30

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கேயும் மழை. எனக்கு எழுத நேரம் கிடைக்கவில்லை. போன வாரம் பயிற்சி ஆட்டத்தில் நான்கு கோல் போட்டேன். சார் பாராட்டினார். சாப்பாடு நன்றாக இருக்கிறது.

அம்மாவிடம் சுகம் என்று சொல்லவும்.

பின்சி


பாறசாலை
ஆகஸ்ட் 11

நான்கு கோல் நாயகி, நானிலம் நடுங்கும் நங்கை, என் மருமகளுக்கு,

சுகம், சுகம், பரமசுகம். உன் நான்கு கோலால் என் முழங்கால் வாதமே குணமாகிவிட்டது.

உன் கடிதத்தைக் கையில் பிடித்தபடி சந்தைக்கு இறங்கினேன். மீன்காரியிடம் சொல்லும்போது நான்கு எட்டாகியிருந்தது. கிருஷ்ணன்குட்டி அதை ஆட்டோவில் ஏற்றி வெள்ளறடைக்குக் கொண்டுபோனான், சாயங்காலம் அங்கிருந்து ஒருத்தன் கூப்பிட்டு “உங்க மருமவ கோல் போஸ்டையே பிழுதுட்டாளாமே?” என்று கேட்டான். ஆமா என்றேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழும்பி நின்று, ஹாஸ்டலில் போய் இரண்டு மாசத்தில் சாரையே பொக்கப் படிப்பித்துவிட்டாள் என்று அறிவித்தேன். உன் அம்மை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அது வெட்கமா பெருமையா என்பதை ஆராய ஒரு கமிஷன் வைத்திருக்கிறேன்.

நம் அணி வழக்கம்போல் வீரமாகத் தோற்றது. ஸ்கோர் கேட்காதே. கோல்கீப்பர் அபிஷாவுக்கு ரப்பர் ஷீட்டை அடுக்கித் தைத்து நானே கால் கவசம் செய்து கொடுத்தேன். அந்த நாற்றத்துக்கு எதிரிகள் கோல் பக்கம் வரமாட்டார்கள் என்பது என் கணக்கு. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள், மக்கா.

ஒரு சின்னச் சந்தேகம். போன கடிதத்தில் நான் வரால் மீன் கதை எழுதினேன். நீ திருத்தவில்லையே? மீன் இருந்தது உண்மை, தலையால் முட்டியதுதான் கொஞ்சம் கூட்டியது. உன் கடிதம் வந்த பிறகும் இரண்டு நாள் உன் திருத்தத்துக்காகக் காத்திருந்தேன். லிஜா அந்த மீனைக் கேட்டு விழுந்தாளா? அவள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லையா?

ஓணத்துக்கு வா. குழிக்கரையில் உனக்கு ஆளுயர மாலை காத்திருக்கிறது.

கர்த்தர் துணை.

எலியா மாமா


பாறசாலை
செப்டம்பர் 22

அன்புள்ள மக்கா,

சுகமா இருக்கிறாயா? இங்கே எல்லாரும் சுகம்.

கடிதம் இல்லை. தபால்காரி விமலகுமாரி இப்போது என்னைக் கண்டால் வேறு பாதையில் போகிறாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே மனசு தாங்காமல் வெப்ராளம் வந்துவிட்டது. ஓணம் வந்தது, போனது. ஓணத்துக்கு ஹாஸ்டலில் கேம்ப் என்று நீ சொன்னதாக உன் அம்மை சொன்னாள். நல்லது. கேம்ப் என்றால் கேம்ப்.

ஓணத்துக்கு மறுநாள் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் உங்கள் ஹாஸ்டல் டிராக்சூட் போட்ட ஒரு பிள்ளையைக் கண்டேன். விடுமுறைக்கு வந்தவள் போலிருந்தது. கேம்ப் உண்டா என்று கேட்கப் பக்கத்தில் போய் நின்றேன். கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மை அதிசயமாகப் போனை என் கையில் தந்தாள். “நீங்க பேசுங்கண்ணே, எனக்க கிட்ட அவ ஒண்ணும் பேச மாட்டேங்கா” என்றாள். நீ “மாமா” என்றாய். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. ரேஞ்சு இல்லையாக்கும் என்று நான் ஆதிரா பொக்கின கதை, கிருஷ்ணன்குட்டி ஆட்டோவில் பதினொரு பேரையும் அடுக்கிக் கொண்டுபோன கதை எல்லாம் சொன்னேன். “பதினொண்ணு கேறினா டயரு பிரார்த்திக்கும் அண்ணா” என்று அவன் சொன்னதைக்கூடச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று வார்டன் சத்தம் கேட்டது.

பிறகு நினைத்துப் பார்த்தேன். வார்டன் சத்தம் நல்லாத் தெளிவாகத்தான் கேட்டது.

லிஜா சுகமா? இரண்டு வரி எழுது மக்கா. பொய்யானாலும் எழுது.

மாமா


ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்
அக்டோபர் 2

அன்புள்ள ஹாக்கிச் சக்கரவர்த்தி மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் பரமசுகம். நீங்களும் பரமசுகம் என்று நம்புகிறேன்.

எழுதாததற்கு மன்னிக்கவும். ஒரே ஆட்டம், ஒரே வெற்றி. போன ஆட்டத்துக்குப் பத்தாயிரம் பேர் வந்தார்கள். நான் பொக்கின பந்து மேகத்துக்குள் போய்விட்டது, நடுவர் குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அது இறங்கி வந்தபோது நேராகக் கோலுக்குள் விழுந்தது. கூட்டம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. இங்கே எல்லாரும் உங்கள் பொக்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

லிஜா சுகம். ஊருக்குப் போயிருக்கிறாள்.

உங்கள் கடிதத்துக்கு நன்றி. அடிக்கடி எழுத வேண்டாம், எனக்குப் பதில் எழுத நேரம் இருக்காது.

பின்சி


பாறசாலை
அக்டோபர் 14

அன்பு மருமகள் பின்சிக்கு,

சுகம். உன் சுகம் என்ன என்று இனி உன்னிடம் கேட்க எனக்கு யோசனையாக இருக்கிறது.

உன் கடிதத்தைக் குழிக்கரையில் வைத்துப் பிள்ளைகளுக்கு வாசித்தேன். மேகத்துக்குள் பந்து போனதும் கைதட்டினார்கள். வாசித்து முடித்து, மடித்துப் பையில் வைத்ததைத் திரும்ப எடுத்துத் தனியே ஒருமுறை வாசித்தேன். ஏட்டி, இந்தக் குடும்பத்தில் பொய் சொல்கிற உத்தியோகம் என்னுடையது. இத்தனை வருஷத்தில் நீ எனக்கு ஒரு பூனையை ஆனையாக்கிக் காட்டியதில்லை. குடை பிடித்த நடுவர் என்னுடைய ஆள், உன்னுடைய ஆள் இல்லை. என்ன ஆயிற்று மக்கா? அணியில் இருந்து தள்ளிவிட்டார்களா? தள்ளட்டும். சாப்பாடு பிடிக்கவில்லையா? யாராவது வல்லதும் சொன்னார்களா? சொல், மரச்சீனிக் கம்போடு வாறேன்.

நீ சொல்லும்வரை நான் இங்கத்தே சேதி சொல்கிறேன், கேள். ஆதிரா கடந்துவிட்டாள்! துலாமழையில் குழி நிறைந்து கிடந்தது. மறுபக்கம் அபிஷா நின்றாள். ஆதிரா பந்தைப் பொக்கினாள், சமுத்திரத்தைத் தாண்டி, அபிஷாவின் காதை உரசிப் போனது. “காதுல காத்தடிச்சு மாமா!” என்று அபிஷா அலறினாள். எல்லாரும் குதித்தோம். உன்னுடையதைவிட வேகம். நான் இதைக் கூட்டிச் சொல்லவில்லை.

அடுத்த மாசம் திருவனந்தபுரத்தில் டர்ஃப் மைதானத்தில் ஒரு போட்டி. கிளப் ஆரம்பித்ததில் இருந்து முதல் முறையாக நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டர்ஃப் என்றால் ஆதிராவுக்குப் பயம். நான் உனக்குச் சொன்னதையேதான் அவளுக்கும் சொன்னேன், தண்ணியைக் கண்டால் யோசிக்காதே, பொக்கு என்று. வழிநெடுக அதையே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.

பதில் எழுது.

மாமா


ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்
அக்டோபர் 19

மாமா,

முதலில் ஆதிராவிடம் பொக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வந்து மீதியை வாசியுங்கள்.

ஜூலையில் பயிற்சி ஆட்டம். நானும் லிஜாவும் எதிரெதிர் அணி. மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. டர்ஃபின் ஒரு மூலையில் தண்ணீர் கட்டி நின்றது. கொஞ்சம்தான், செருப்பு நனைகிற அளவு. பந்து என் ஸ்டிக்கில் இருந்தது. முன்னால் தண்ணீர். எனக்கு லிஜா தெரியவில்லை மாமா, தண்ணீர்தான் தெரிந்தது. கை தானாகப் பொக்கிவிட்டது. அவள் பந்தைத் தடுக்கக் குனிந்து ஓடிவந்தாள். “தாழே” என்று பாதி சொன்னாள்.

இடது கண். இரண்டு ஆபரேஷன் செய்தார்கள். பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆட்டத்தில் நடப்பதுதான் என்று சார் சொன்னார். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அவளுடைய அப்பா வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த கட்டில் காலி. நான் அதன் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை.

அதற்குப் பிறகு நான் ஸ்டிக்கைப் பிடிக்கவில்லை. மணிக்கட்டு வலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான்கு கோல் பொய். பத்தாயிரம் பேர் பொய். ஓணத்துக்குக் கேம்ப் இல்லை. உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு முடியாமல் இருந்தது. நீங்கள் மாலை வைத்துக் காத்திருப்பதாக எழுதினீர்கள்.

லிஜாவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

யாருடைய சொல்லும் இதற்குக் காரணம் இல்லை. என் கைதான்.

கிறிஸ்துமசுக்குப் பெட்டியோடு வந்துவிடுகிறேன். இனி இங்கே இருக்க வேண்டாம். அம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கள். என்னால் முடியாது.

ஆதிராவிடம் சொல்லிவிட்டீர்களா?

பின்சி


பாறசாலை
நவம்பர் 17

அன்புள்ள பின்சிக்கு,

கர்த்தர் உன்னோடு இருப்பாராக. நாங்கள் சுகம். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று முதல் வரியை வாசித்ததும் கிருஷ்ணன்குட்டி வீட்டுக்கு ஓடினேன். ஆதிரா படித்துக்கொண்டிருந்தாள். இனி பொக்கக் கூடாது என்றேன். “என்னத்துக்கு மாமா?” என்றாள். திரும்பி வந்து மீதியை வாசித்தேன். மறுநாள் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அபிஷா காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கடைசியில் ஆதிராதான் கேட்டாள், “அப்போ குழிக்க அந்தப் பக்கம் எப்படிப் போறது?” என்று. குழியை மூடிவிடலாம் என்றேன்.

மூடினோம். கிருஷ்ணன்குட்டி ஆட்டோவில் செம்மண் கொண்டுவந்து தட்டினான். பிள்ளைகள் ரப்பர் பால் வாளியில் மண் சுமந்தார்கள். உன் அம்மையும் வந்தாள். நான் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். கால் வலியோடு மண் சுமந்தாள். இப்போது அங்கே குழி இருந்த இடம் கொஞ்சம் மேடாகத்தான் தெரிகிறது.

பிறகு வார்டனிடம் விலாசம் வாங்கி இடுக்கிக்குப் போனேன். உன்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்பாய். ஒரு செந்துளுவன் வாழைக்குலையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஜாவின் வீட்டு முற்றத்தில் நின்றேன். அவள் அம்மை வெளியே வந்து யார் என்று கேட்டாள். “பாறசாலையில் இருந்து வாறேன்” என்று மட்டும் சொன்னேன். உனக்குத் தெரியும், என் வாய் அப்படி நின்றதே இல்லை. உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது, “தென்னை உயரக் குழிக்காரர்தானே?” என்று மலையாளத்தில்.

லிஜா வந்து உட்காரச் சொன்னாள். வரால் மீன் கதை கேட்டாள். நீ முன்னமே சொல்லியிருப்பாய், இருந்தாலும் கேட்டாள். நான் சொன்னேன். மீன் முட்டிய இடத்தில் சிரித்தாள். சிரிக்கும்போது முகத்தை முழுவதும் என் பக்கம் திருப்பினாள், வலது கண்ணுக்குள் என்னைக் கொண்டுவர. அடுக்களை வாசலில் அவள் அம்மை நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

உன் கடிதங்கள் மூன்றும் கிடைத்தன, பிரிக்காமல் வைத்திருக்கிறாள். “பின்சியோடு பேச எனக்கு இப்போ முடியாது மாமா. கோபம் இல்லை. முடியாது” என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. புறப்படும்போது, “எனக்கு ஒரு கடிதம் போடுங்க. ஒக்கப் பொய்யா எழுதுங்க” என்றாள்.

யாருடைய சொல்லும் காரணம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்கும் முன்னே அதை ஏன் எழுதினாய் மக்கா? என் ஜூலைக் கடிதம் உன் கையில் எந்த நாள் கிடைத்தது என்று உன்னிடம் கேட்க நினைத்தேன். லிஜாவிடமும் கேட்க நினைத்தேன். இரண்டு பேரிடமும் கேட்கவில்லை.

நீ பெட்டியோடு வா. ஸ்டிக்கைக் கொண்டு வந்தாலும் சரி, கொண்டு வராவிட்டாலும் சரி. மாலை இல்லை. பஸ் ஸ்டாண்டில் நான் மட்டும் நிற்பேன். வரும் வழியில் நான் ஒன்றும் பேசமாட்டேன், நீயும் பேச வேண்டாம்.

நேற்று திருவனந்தபுரத்தில் ஆடினோம். நல்ல மழை. நாம் மழைக்காக ஜெபிக்கிறவர்கள், நேற்று நான் ஜெபிக்கவில்லை, இருந்தும் பெய்தது. பிள்ளைகள் ஆட்டம் முழுக்க ஒருத்திக்கு ஒருத்தி “தாழே, தாழே” என்று கத்திக்கொண்டே ஆடினார்கள். நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது அது ஒன்றைத்தான். டர்ஃபில் ஒரு இடத்தில் தண்ணீர் கட்டி நின்றது. ஆதிரா பந்தோடு அதற்கு நேரே போனாள். எதிரே ஒரு பிள்ளை ஓடிவந்தாள். ஆதிராவின் ஸ்டிக் அடியில் போனது, பிறகு நின்றது. பந்தைத் தண்ணீரில் அப்படியே விட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டு போய் நம் கோலில் அடித்தாள். அதுதான் கடைசி கோல். ஆதிரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கைதட்டினேன். பார்த்தவர்களுக்கு எனக்குப் பைத்தியம் என்று தோன்றியிருக்கும்.

லிஜாவுக்கு மலையாளத்தில் வேறு கடிதம் எழுதி இன்றுதான் தபாலில் சேர்த்தேன். அதில் நாம் ஜெயித்திருக்கிறோம், மீனும் வருகிறது.

உனக்கு எழுதுவது இது. ஏழுக்கு சைபர். ஒருத்திக்கும் அடி படவில்லை.

மாமா